துப்பாக்கிக்கு நீலமேற்றல்

துப்பாக்கியின் எஃகைத் திட்டமிட்டு ஆக்சிஜனேற்றம் செய்து, அதன்மேல் மேக்னடைட் என்னும் கருநீலப் படலத்தை உண்டாக்கும் முறை. சில மைக்ரான் தடிமனே உள்ள இப்படலம் தனியாகத் துருவைத் தடுத்துவிடாது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதில்தான் அதன் பயன்.

18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் சிப்பாய்கள் மஸ்கெட் குழல்களைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தார்கள். ஆனால் வெயிலில் மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கும் குழல் வேட்டைக்கு உதவாது. அதனால் கொல்லர்கள் குழலை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, உதிரும் துருவைத் தேய்த்தெடுத்து, மறுபடி துருவேற்றிப் பழுப்பாக்கினர். ஒவ்வொரு சுற்றிலும் கொதிநீரில் இட்டால் செந்துரு கருந்துருவாகும். பழுப்புக்குப் பதில் கருநீலம் கிடைக்கும். முடிய நாட்கணக்கில் ஆகும்.

20ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த, சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூடான தொட்டிக்கு மாறின. வேலை நிமிடக்கணக்கில் முடிந்தது. ஆனால் இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் குழல்களை இணைக்கும் ஈயப் பற்றவைப்பை அந்தக் காரம் அரித்துவிடும். அவற்றுக்கு இன்றும் பழைய துருமுறைதான்.

கொதிக்கும் காரத் தொட்டி வீட்டுக்கு ஆகாது. தேய்ந்த இடங்களை வீட்டிலேயே சரிசெய்ய வந்தவை குளிர்நீலத் திரவங்கள். இவற்றில் பலவற்றில் செலினியச் சேர்மமும் தாமிர உப்பும் இருக்கும். எஃகில் பட்டதும் தாமிர செலினைடு கருமையாகப் படிகிறது. மேக்னடைட் உருவாவதில்லை என்பதால் இதை நீலமேற்றல் என்பதே சற்றுத் தாராளம்தான்.

முதலில் தேய்வது குழல்வாயும், உறையில் உரசும் விளிம்புகளும், வியர்வைக் கை படும் இடங்களும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்தபின் துருவை நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கை முற்றிலும் போக்க வேண்டும். வேலையின் பாதி இதுதான்: துடைத்த இடத்தில் ஒரு விரல் பட்டால் அந்த ரேகை அப்படியே வெளிறித் தெரியும். திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவி, நீரால் கழுவி, மிக நுண்ணிய எஃகு இழைப்பஞ்சால் மெல்லத் தேய்த்து, நிறம் வரும்வரை திரும்பச் செய்து, கடைசியில் எண்ணெய் பூச வேண்டும். கழுவாமல் விட்ட திரவமே பிறகு துருவைக் கிளப்பும். செலினியம் நச்சு என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். சிறு கீறலுக்குக் குளிர்நீலம் போதும். முழுக் குழலுக்கும் பூசினால் திட்டுத்திட்டாகவே தெரியும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். துருப்பிடிக்கா எஃகிலும் அலுமினியத்திலும் இது பிடிக்காது.

பழம்பொருள் துப்பாக்கிகளை மட்டும் தொடக்கூடாது. சேகரிப்பாளர்கள் தேய்ந்த அசல் பூச்சுக்கே கூடுதல் விலை தருவார்கள். புதிதாகப் பூசியது மதிப்பைக் குறைத்துவிடும்.