கரிசல் அடுப்படி உப்பும் கருவின் மூளையும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் இந்த ஊர்களுக்கு உப்பு வந்தது கிழக்கே உள்ள கடற்கரையிலிருந்து. வேப்பலோடை, தருவைகுளம், முள்ளக்காடு உப்பளங்களில் தை, மாசியில் தொடங்கும் உப்பு வாருதல் வடகிழக்குப் பருவமழையோடு நிற்கும். கரிசலில் விதைப்பு நடப்பதோ அந்த மழையை நம்பித்தான். கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றும் தொழில் சங்ககால உமணர் காலத்திலிருந்தே உண்டு. நூற்றாண்டுகளாக அடுப்படிக்கு வந்து சேர்ந்தது கல் உப்பு.

அந்தக் கல் உப்பில் அயோடின் மிகமிகக் குறைவு. கடல்நீரில் இருக்கும் சிறிதளவும் பாத்தியில் உப்பு படியும்போது அதில் தங்குவதில்லை. தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் வேண்டும். கருவில் உள்ள குழந்தை தொடக்க மாதங்களில் அந்த ஹார்மோனுக்குத் தாயையே நம்பியிருக்கிறது.

மூளையில் இந்த ஹார்மோனைக் கையாளுபவை பெரும்பாலும் கிளியா செல்கள். 1856இல் ருடால்ஃப் விர்சோ அவற்றை நரம்புகளை ஒட்டவைக்கும் பொருளாகவே விவரித்தார். அந்த எண்ணம் மாற நூறாண்டுக்கு மேல் ஆனது. வளரும் மூளையில் புதிய நியூரான்கள் ஆரக் கிளியா செல்களின் நீண்ட இழைகளைப் பற்றி ஏறியே தம் இடத்தை அடைகின்றன என்று 1972இல் பாஸ்கோ ராகிச் குரங்குக் கருக்களில் காட்டினார். ஆஸ்ட்ரோசைட் என்னும் கிளியா செல்கள், இரத்தத்தில் வரும் தைராக்சினை வீரியமுள்ள வடிவமாக மாற்றி நியூரான்களுக்குக் கொடுக்கின்றன. ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் முதிர்ந்து நரம்பிழைகளுக்கு மயலின் உறை போடவும் அந்த ஹார்மோன் வேண்டும். அது குறைந்தால் நியூரான்களின் இடப்பெயர்ச்சி பிசகும். உறை அமைவதும் தாமதமாகும். குழந்தையின் அறிவுத்திறனும் செவித்திறனும் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

இதற்கான தீர்வு இந்தியாவில் இமயமலை அடிவாரத்தில் சோதிக்கப்பட்டது. 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசாமி குழுவினர் இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பையும் வழங்கினர். சில ஆண்டுகளில் முதல் இரண்டிலும் அயோடின் குறைவால் வரும் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. இதன் பயனாக 1962இல் தேசியக் கழலை ஒழிப்புத் திட்டம் வந்தது. கழலையைக் காட்டிலும் மூளை வளர்ச்சிக் குறைபாடே பெரிய இழப்பு என்பது தெளிந்தபின், 1992இல் அது அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்துக்குமான திட்டமாக மாறியது. உணவுக்காக அயோடின் இல்லாத உப்பை விற்பதற்கான தடை 2000இல் விலக்கப்பட்டு, 2006 மே மாதம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

வாரிய உப்பின்மேல் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளிக்கும் முறை தூத்துக்குடி வட்டாரத்திலும் பரவியது. பொடி உப்பில் அது சீராகக் கலக்கும். கல் உப்பில் அப்படிக் கலப்பதில்லை. வீட்டை எட்டும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். 2018-19 தேசிய ஆய்வில் நாடு முழுவதும் 76.3 சதவீத வீடுகள் அந்த அளவை எட்டியிருந்தன. உப்பு மிகுதியாக விளையும் தமிழ்நாட்டில் அது 61.9 சதவீதம்தான், மாநிலங்களிலேயே மிகக் குறைவு. கிளியா செல்களின் வேலை கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே ஆரம்பித்துவிடுவதால், அதற்கு முன்பே அயோடின் கலந்த உப்பு வீட்டுப் புழக்கத்துக்கு வந்திருக்க வேண்டும்.