முற்போக்குத் தொழிற்கட்சி (பெர்மூடா)

வட அட்லாண்டிக் மாகடலில், சுமார் 53 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 64,000 ஜனத்தொகையும் கொண்டு, பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்டிருக்கும் பெர்மூடாத் தீவுகளில், 1963 பிப்ரவரியில் ஸ்தாபிக்கப்பட்ட அரசியற் கட்சி இது. அத்தீவுகளில் இன்று இயங்கிவரும் கட்சிகளுள் மிகவும் பழமையானதும் இதுவே.

பெர்மூடாவின் சட்டசபை 1620ஆம் ஆண்டிலேயே கூடத் தொடங்கியதாயினும், 1834இல் அடிமை முறை ஒழிந்த பின்னரும், ஜனங்களுள் பெரும்பான்மையோரான கறுப்பின மக்களில் மிகச் சிலருக்கே அச்சபையின் அங்கத்தினரைத் தெரிந்தெடுக்கும் பாத்தியதை கிடைத்தது. ஏனெனில் நிலம் உடையவருக்கே வாக்குரிமை இருந்தது. அதிலும், பல வட்டாரங்களில் நிலம் வைத்திருந்த செல்வர், வட்டாரந்தோறும் சென்று தனித்தனியே வாக்களிக்கலாம் என்ற ஏற்பாடும் நெடுங்காலம் நிலவியது. சொத்துடைய மாதர்களுக்கேனும் வாக்குரிமை கிட்டியது 1944இல்தான்.

இந்நிலையை அசைத்த முதற்பெரும் நிகழ்ச்சி 1959 ஜூனில் நடந்த திரைப்படக் கொட்டகைப் பகிஷ்காரமாகும். நிறபேதம் பார்த்து இருக்கைகளைப் பிரித்துவைத்திருந்த கொட்டகைகளுக்கு எவரும் செல்லலாகாது என்று, தம் பெயரை வெளியிடாத சிலர் கூடிய ‘முற்போக்குக் குழு’ சுவரொட்டிகளின் வாயிலாக விடுத்த வேண்டுகோளை மக்கள் ஏற்று நடந்தமையால், மூன்று வாரங்களுக்குள் கொட்டகைகள் பணிந்தன. ஓட்டல்களும் அவ்வழியைப் பின்பற்றின. அதனையடுத்து ரூஸ்வெல்ட் பிரவுன் முன்னின்று நடத்திய சர்வஜன வாக்குரிமைக் கிளர்ச்சியின் பயனாக, 1963இல் 25 வயது நிரம்பிய யாவரும் வாக்காளராயினர். எனினும் சொத்துடையோருக்கு ஓர் அதிகப்படி வாக்கு அப்போதும் விட்டுவைக்கப்பட்டது.

தொழிற்சங்க இயக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையதாய்ப் பிறந்த இக்கட்சி, அவ்வாண்டுத் தேர்தலில் 36 ஸ்தானங்களுள் 6ஐப் பெற்றது. அதிகப்படி வாக்கு நீக்கப்பட்டபின் நடந்த 1968 தேர்தலிலோ, போட்டிக் கட்சியான ஐக்கிய பெர்மூடாக் கட்சி 30 ஸ்தானங்களைக் கைப்பற்ற, இதற்கு 10 மட்டுமே வாய்த்தன. பெர்மூடாவின் முதல் பெண் வழக்கறிஞரான லோயிஸ் பிரவுன் எவான்ஸ் அம்மையார் அப்போது எதிர்க்கட்சித் தலைமையை ஏற்றார். பின்னர் பிரெடெரிக் வேடு அவர்களின் தலைமையில், 1993இல் கட்சி 18 ஸ்தானங்கள்வரை வளர்ந்தது; அவர் 1996இல் காலமானதால், தலைமைப் பொறுப்பு ஜெனிபர் ஸ்மித் அம்மையாரிடம் வந்தது. அவர் தலைமையில் 1998 நவம்பரில் 40இல் 26 ஸ்தானங்களை வென்று, தோன்றி முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, கட்சி முதன்முறையாக ஆட்சிபீடம் ஏறியது.

இதன் ஆட்சிக்காலத்தில், தொகுதிக்கு இருவர் என்ற பழைய பிரிவினை மாற்றப்பட்டு, ஏறத்தாழச் சமமான வாக்காளரைக் கொண்ட 36 ஒற்றைப் பிரதிநிதித் தொகுதிகள் 2003 தேர்தல் முதல் ஏற்பட்டன. 2012இல் 19க்கு 17 என்ற குறுகிய வித்தியாசத்தில் ‘ஒரே பெர்மூடாக் கூட்டணி’ என்னும் எதிர்க்கட்சியிடம் ஆட்சியை இழந்த கட்சி, டேவிட் பர்ட் தலைமையில் 2017இல் அதனை மீண்டும் பெற்று, 2020இலும் 2025இலும் தக்கவைத்துக்கொண்டது.

பூரண சுதந்திரம் கட்சியின் பழைய லட்சியங்களுள் ஒன்று. ஆயினும், கட்சி பகிஷ்கரித்த 1995 பொதுஜன வாக்கெடுப்பில், வாக்களித்தோருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் அதனை மறுத்தனர். கட்சி ஆட்சிக்கு வந்த பின்னரும் அந்த லட்சியம் கைகூடவில்லை. நிலமில்லாதவனின் வாக்கும் நிலமுடையவனின் வாக்கும் நிகரென்னும் நியாயம் பெர்மூடாவில் நிலைபெறப் பாடுபட்டதே இக்கட்சியின் தலையாய சேவையாகும்.