சடுகுடு பள்ளிக்கூடம் போன கதை

சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்தில், 1954இல், தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலை வெளியிட்டார். சொல்லாராய்ச்சிக்குப் பேர்போன அறிஞர் தெருப் புழுதியில் இறங்கி, கோலி, தெல், சில்லாங்குச்சு என ஒவ்வோர் ஆட்டத்தின் முறையையும் எழுதிவைத்திருக்கிறார். பகலாட்டு, இரவாட்டு என்றும், ஆண்பாற் பகுதி, பெண்பாற் பகுதி என்றும் பிரித்திருக்கிறார். சடுகுடு ஆண்பாற் பகுதியில் வருகிறது. அந்நூலில் உள்ளவற்றுள் பெரும்பாலான ஆட்டங்கள் தெருவிலேயே நின்று தேய்ந்தன. சடுகுடுவோ பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து பிழைத்துக்கொண்டது. எப்படிப் பிழைத்தது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்பதே எங்கள் கேள்வி.

பள்ளிக்குள் நுழைய ஓர் ஆட்டத்துக்கு முதலில் விதி வேண்டும். சடுகுடுவுக்கோ ஊருக்கு ஊர் வேறு கணக்கு: ஆள் எண்ணிக்கை, கோட்டின் அளவு, 'செத்தவர்' மீண்டும் உயிர்பெறும் முறை எல்லாமே மாறும். 1920களில் மேற்கிந்தியாவின் உடற்பயிற்சிக் கழகங்கள் இதை ஒழுங்குபடுத்த முனைந்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து சென்ற குழு கபடியை ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கழகம் அமைந்தது. 1952இல் ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி சென்னையிலும், 1955இல் பெண்களுக்கான போட்டி கல்கத்தாவிலும் நடந்தன. பாவாணர் ஆண்பாற் பகுதியில் வைத்த ஆட்டத்துக்கு மறு ஆண்டே பெண்கள் தேசிய மைதானத்தில் இறங்கிவிட்டார்கள்! பள்ளி செய்த நன்மைகளுள் இதையே நாங்கள் தலையாயதாகக் கருதுகிறோம். ஊர்ப் பொதுவெளியில் சடுகுடு ஆட இடமற்றிருந்த பெண்பிள்ளைக்குப் பள்ளி மைதானம் அந்த இடத்தைக் கொடுத்தது.

விதி மட்டும் போதாது, சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதற்கு வழிகாட்டியது. கொங்கு நாட்டில் அந்தப் பணி நடந்த இடங்களுள் முதன்மையானது பெரியநாயக்கன்பாளையம். திருப்பூர்க்காரரான தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் வளாகம் அங்குதான் வளர்ந்தது. பிற்பாடு மாருதி உடற்கல்விக் கல்லூரியும் அங்கேயே எழுந்தது. அங்குப் பயின்று வெளியேறியவர்கள் பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்' ஆனார்கள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக ஏறும் பள்ளிப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைப் பேருந்தேற்றி அழைத்துச் செல்பவர்கள் இவர்களைப் போன்ற ஆசிரியர்களே. அப்பெயர்கள் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் ஏறுவதில்லை.

கலைக்களஞ்சியம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக விளங்கிய பெரியசாமித் தூரனும் இதே வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர்தாம். நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தவரும்கூட. தமிழும் உடற்பயிற்சியும் ஒரே வளாகத்தில் வளர்ந்திருக்கின்றன. ஆயினும் அவை ஆட்டத்தில் ஒன்றுகூடவில்லை.

அவை ஒன்றுகூடிய நாடு ஒன்று உண்டு. ஆங்கிலேயரின் ஆட்சியில் நம்மைப் போலவே மொழியையும் விளையாட்டையும் பற்றிக் கவலைப்பட்ட அயர்லாந்து அது. 1884இல் தர்லஸ் என்ற ஊரில் கேலிக் விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கியோருள் முன்னின்ற மைக்கேல் குசாக் ஓர் ஆசிரியர். கவிஞரான பாட்ரிக் பியர்ஸ் 1908இல் டப்ளினில் தொடங்கிய பள்ளியில் ஐரிஷ் மொழியும் ஹர்லிங் ஆட்டமும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. அந்நிய ஆட்டம் ஆடுவோரைக் கழகம் 1971 வரை விலக்கியே வைத்தது. அந்தக் கடுமை நமக்கு வேண்டியதில்லை. அதே ஆண்டில்தான் தொடக்கப்பள்ளி ஆட்டங்களுக்கென ஆசிரியர்களின் தனி அமைப்பும் அங்கே தோன்றியது. வீட்டில் ஆங்கிலமே பேசும் அயர்லாந்துச் சிறுவனும் ஹர்லிங் பந்தை இன்றைக்கும் 'ஸ்லிட்டர்' என்ற ஐரிஷ் சொல்லால்தான் அழைக்கிறான்.

இங்கே நடந்தது தலைகீழ். சடுகுடு பாடிக்கொண்டே ஆடும் ஆட்டம். எதிர்க்களத்துக்குள் புகுபவன் ஒரே மூச்சில் ஓர் அடியைப் பாடுவான், அது அறுந்தால் ஆட்டமிழப்பான். பாட்டே அங்கு மூச்சின் அளவுகோல். வீரம் பேசும் அடி, எதிரியைக் கேலி செய்யும் அடி என ஊருக்கொன்று இருந்தது. பொதுவிதி வந்தபோது அத்தனைக்கும் பதிலாகக் 'கபடி' என்ற ஒற்றைச் சொல் நின்றது. ('கைபிடி'யே கபடியாயிற்று என்போர் உண்டு, அந்த வழக்குக்கு நாங்கள் வரவில்லை.) பின்னர் ஒரு பாடிப்புக்கு 30 நொடி என்று வரையறுத்து, மூச்சின் வேலையையும் கடிகாரத்திடம் கொடுத்துவிட்டார்கள். விதி இல்லாமல் மாநிலப் போட்டி இல்லை, 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடமும் கிடைத்திருக்காது. இதை அறிந்தே சொல்கிறோம்: பாட்டை விதிக்குள் வைக்க முடியாவிட்டாலும் பள்ளியின் தமிழ்ப் பாடத்திலாவது வைத்திருக்கலாம். டிரில் மாஸ்டரும் தமிழாசிரியரும் ஒரே அறையில் அமர்ந்து தேநீர் அருந்துகிறவர்கள்தானே!

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சிற்றூரில், பள்ளி அணியில் ஆடும் பேரனோடு வந்த அப்புச்சி ஒருவரை ஆட்டப்பாட்டு ஒன்று பாடச் சொன்னோம். "பாட்டு முடியறதுக்குள்ள தொட்டுப்போட்டு வந்தறோணுமுங்க" என்று சொல்லிவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு ஒரே மூச்சில் பாடி நிறுத்தினார். பேரன் அலைபேசியில் நேரம் பார்த்தான். இருபத்திரண்டு நொடி.