அமிர்தகழியில் பிறந்த கலைஞன்

எம்மவர்களில் 'மூன்றாம் பிறை' பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அதை எடுத்த பாலு மகேந்திரா எங்கட மட்டக்களப்பு மண்ணின் பிள்ளை என்பது இங்கு வளரும் இளையவர்கள் பலருக்குத் தெரியாது. என்னோடு பக்டரியில் வேலை செய்யும் தமிழ்ப் பெடியன் ஒருவனும் அவரை இந்தியாக்காரர் எண்டுதான் நினைத்திருந்தான். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

1939ஆம் ஆண்டு மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் அவர். இயற்பெயர் மகேந்திரன். மாணவனாக இருந்த காலத்தில் ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீன், 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை இலங்கையில் எடுத்தார். அந்தப் படப்பிடிப்பை நேரில் பார்த்ததுதான் தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பின்பு இந்தியா சென்று பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார்.

1974இல் வெளிவந்த 'நெல்லு' என்ற மலையாளப் படம் ஒளிப்பதிவாளராக அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. முதலில் இயக்கியது 'கோகிலா' (1977) என்ற கன்னடப் படம். தமிழில் முதற்படம் 'அழியாத கோலங்கள்' (1979). 1982இல் வந்த 'மூன்றாம் பிறை' கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகர் என்றும், இவருக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் என்றும் இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்தது.

"எல்லாம் சரி, எங்கட பிரச்சினையை வைச்சு அவர் ஒரு படமும் எடுக்கேல்லையே" எண்டு எம்மவர் சிலர் குறைப்படுவினம். அது உண்மைதான். ஆனாலும் 1988இல் வந்த 'வீடு' படத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

சென்னையில் வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொன்னதால், வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்த வீடு கட்டத் தொடங்குகிறாள். கடன், கொந்தராத்துக்காரனின் களவு, அதிகாரிகளின் அலைக்கழிப்பு. இவ்வளவுதான் கதை. பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. அரைகுறையாக நிற்கும் சுவர்களை அந்தத் தாத்தா தடவிப் பார்க்கும் இடத்தில் கண் கலங்காதவர் இல்லை. தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். கதாநாயகி அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இந்தக் கதையின் வேர் சென்னையில் இல்லை. சின்ன வயதில் தன் தாயார் ஊரில் வீடு கட்டப் பட்ட பாடும், அதனால் அவரது சிரிப்பும் கலகலப்பும் குறைந்துபோனதும்தான் இப்படத்துக்குக் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஊரில் வீடு கட்டின ஆக்களுக்கு இது விளங்கும். அத்திவாரத்தோடு கைக்காசு முடியும். கூரை போடுமுன் அம்மாவின் காப்பு அடகுக்குப் போகும். அப்படிக் கட்டின வீட்டைத்தானே நாங்கள் ஒரு இரவில் விட்டிட்டு வந்தோம்!

பிறகு சன் தொலைக்காட்சியில் 'கதை நேரம்' என்ற தொடரில், தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளைச் சிறு படங்களாக்கினார். எழுத்தாளனை மதித்த இயக்குநர் அவர்.

கடைசிப் படம் 'தலைமுறைகள்' (2013). தமிழ் தெரியாத பேரனும் ஆங்கிலம் தெரியாத தாத்தாவும் சேரும் கதை. தாத்தாவாக அவரே நடித்தார். அடுத்த வருடம் பெப்ரவரி 13ஆம் திகதி காலமானார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் நடக்கும் கதைதான். ஆனால் அம்மம்மாவோடு தொலைபேசியில் கதைக்கத் தெரியாமல் முழிக்கும் பிள்ளைகள் எங்கள் வீடுகளிலும் இருக்கினம்.

இந்தப் புத்தாண்டு விடுமுறையில் இந்த இரண்டு படங்களையும் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். பார்த்து முடிய, ஊரில் உங்கள் வீட்டுக்கு எத்தனை அறை, கிணறு எந்தப் பக்கம், அதைக் கட்ட ஆர் என்ன பாடுபட்டவை எண்டு தமிழிலேயே சொல்லுங்கள். நாங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு ஆர் சொல்லப் போகினம்?