சவுத் ஹாட்லியில் கூடியவர்கள்

'ரிட்ரீட்' என்ற ஆங்கிலச் சொல் நம்மிடையே பெரும்பாலும் தேவாலயங்கள் நடத்தும் தியான முகாமையே குறித்து வந்திருக்கிறது. அன்றாடத்திலிருந்து விலகிச் சில நாட்கள் ஓரிடத்தில் தங்கியிருப்பது அது. 1977 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சவுத் ஹாட்லி என்னும் சிற்றூரில் இருபது பேரளவில் கறுப்பினப் பெண்கள் ஒன்றுகூடியபோது, அவர்களும் இதே சொல்லைத்தான் தேர்ந்துகொண்டார்கள். அரசியல் விவாதமும் உள்ளத்திற்கு இளைப்பாறலும் ஒருசேரத் தேவைப்பட்ட காலம் அவர்களுக்கு.

அழைத்தவர்கள் பாஸ்டன் நகரில் இயங்கிய 'கொம்பாஹி நதிக் கூட்டு' என்ற சிறு குழுவினர். பெயரின் வரலாறு அறியத்தக்கது. 1863 ஜூன் மாதத்தில், உள்நாட்டுப் போரின் நடுவே, தெற்குக் கரோலினாவின் கொம்பாஹி ஆற்றில் ஹேரியட் டப்மன் வழிகாட்டிச் சென்ற படை எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்தது. பெண்ணொருத்தி முன்னின்று நடத்திய அந்தச் செயலின் நினைவாகவே பார்பரா ஸ்மித்தும் அவருடைய தோழியரும் இப்பெயரைச் சூட்டிக்கொண்டனர். 1977 ஏப்ரல் தேதியிட்ட இவர்களது அறிக்கை இன்று உலகெங்கும் பாடமாக வைக்கப்படுகிறது. 'அடையாள அரசியல்' என்ற தொடர் அதிலிருந்தே பரவியது என்பர். அந்த அறிக்கையை அறிந்த நம்மில் பலருக்கும், 1977க்கும் 1980க்கும் இடையில் இக்குழு ஏழு முறை கூட்டிய தங்கல் கூடுகைகளைப் பற்றித் தெரியாது. இலக்கிய வாசகர்களாகிய நமக்கு அறிக்கையைக் காட்டிலும் இக்கூடுகைகளே முக்கியம் என்று கருதுகிறோம்.

வந்தவர்கள் யார்? நியூயார்க்கிலிருந்து கவிஞர் ஆட்ரி லார்ட், நியூஜெர்சியிலிருந்து கவிஞர் ஷெரில் கிளார்க், டெலவேரில் இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்த குளோரியா ஹல், விமர்சகர் லொரெய்ன் பெத்தெல், பாஸ்டனில் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் பெண்கள் காப்பகங்களிலும் போராடி வந்த அமைப்பாளர்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஏறக்குறையத் தனியாள். வெள்ளைப் பெண்ணியரின் கூட்டங்களில் இவர்களுடைய நிறம் பேசப்படவில்லை. கறுப்பின இயக்கங்களில் பெண்மை பேசப்படவில்லை. பலர் தம்மை ஒருபாலீர்ப்புடையோராக வெளிப்படுத்திக்கொண்டவர்கள் என்பதால் மூன்றாவதொரு கதவும் அடைபட்டிருந்தது. பிற்பாடு 1982இல் ஹல், பாட்ரிஷியா பெல் ஸ்காட், ஸ்மித் மூவரும் தொகுத்த நூலின் நீண்ட தலைப்பே இந்த நிலையைச் சொல்லும்: பெண்கள் என்றால் வெள்ளையர், கறுப்பர் என்றால் ஆண்கள், எங்களில் சிலரோ துணிந்தவர்கள் என்பது அதன் சாரம்.

கூடுகைக்கு வருவோரிடம் வைக்கப்பட்ட வேண்டுகோள் ஒன்று நம் கவனத்தை ஈர்க்கிறது. கட்டுரை, துண்டறிக்கை, சொந்தப் படைப்பு என எழுதியது எதுவாயினும் பிரதிகள் எடுத்து வாருங்கள், பகிர்ந்துகொள்வோம் என்றார்கள். கவிதையும் துண்டறிக்கையும் ஒரே மேசையில் வைக்கப்பட்டன. கவிதை இயக்கத்திற்குப் பயன்படுமா என்ற சலித்துப்போன விவாதத்தை நாமும் நம் சிற்றிதழ்களில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். இவர்களுக்கு அந்தக் கேள்வி எழுந்ததாகவே தோன்றவில்லை. எழுதியவர்களும் ஊர்வலம் நடத்தியவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தாம். கவிதை ஆடம்பரமன்று என வாதிடும் லார்டின் புகழ்பெற்ற கட்டுரை வெளியானதும் இதே 1977இல்தான்.

அடுத்தடுத்த கூடுகைகளில் பேச்சு மேலும் மேலும் வெளியீடு நோக்கித் திரும்பியது. 1979இல் 'கண்டிஷன்ஸ்' இதழின் ஐந்தாம் எண் கறுப்பினப் பெண்கள் சிறப்பிதழாக ஸ்மித், பெத்தெல் இருவரின் பொறுப்பில் வந்தது. அதற்கு எழுதும்படி கூடுகைக்கு வந்தவர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். அவ்விதழே விரிந்து 1983இல் 'ஹோம் கேர்ள்ஸ்' என்னும் தொகைநூலாயிற்று.

ஆனால் அந்த 1979 வேறொன்றாலும் நினைவுகூரத்தக்கது. ஜனவரி இறுதியில் பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் இரண்டு பெண்களின் உடல்கள் கிடைத்தன. மே மாதத்திற்குள் கொலையுண்டோர் எண்ணிக்கை பன்னிரண்டு. ஏறத்தாழ அனைவரும் கறுப்பினப் பெண்கள். முதற்செய்தியை நகரின் பெரிய நாளிதழ் உள்பக்கத்தில் சில வரிகளோடு முடித்துக்கொண்டது. ஏப்ரல் 1ஆம் தேதி நடந்த நினைவுப் பேரணியில் பேசிய ஆண்கள், இவை இனவெறிக் கொலைகள், நம் பெண்களை நாம் காக்கவேண்டும், அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். இறந்தவர்கள் பெண்களாக இருந்ததும் ஒரு காரணம் என்று எவரும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஸ்மித் வீடு திரும்பித் துண்டறிக்கை ஒன்றை எழுத அமர்ந்தார். 'ஆறு கறுப்பினப் பெண்கள்: ஏன் இறந்தார்கள்?' என்பது தலைப்பு. தற்காப்புக் குறிப்புகளும் உதவி கிடைக்கும் இடங்களும் அதில் இருந்தன. ஸ்பானிய மொழியிலும் வெளியிட்டுப் பல்லாயிரக்கணக்கில் வழங்கினார்கள். மறு அச்சுக்குப் போகும்போதெல்லாம் தலைப்பு பழையதாகிவிட்டிருந்தது. ஆறை அடித்து ஏழு என்றார்கள். ஏழை அடித்து எட்டு என்றார்கள். அடித்த எண்களை மறைக்கவில்லை.

அதே சாவுகளிலிருந்து லார்ட் 'நீட்' என்னும் நெடுங்கவிதையை எழுதினார். கறுப்பினப் பெண்குரல்கள் சேர்ந்து பேசும் குழுப்பாடலாக அது அமைந்தது. துண்டறிக்கையும் கவிதையும் ஒன்றின் நீட்சி மற்றொன்று என நமக்குத் தோன்றுகிறது.

ஏழாவது கூடுகை 1980 பிப்ரவரியில் வாஷிங்டனில் நடந்தது. குழு அதன்பின் நீடிக்கவில்லை. களைப்பு, கருத்து வேறுபாடு, வர்க்க இடைவெளி ஆகியவை இருந்தன. தங்களுக்குள் நேர்ந்த பிணக்குகளை 1977 அறிக்கையிலேயே அவர்கள் ஒளிக்காமல் எழுதியிருப்பதால் நாம் இதை மிகைப்படுத்த வேண்டியதில்லை. அவ்வாண்டு அக்டோபரில் லார்ட் ஸ்மித்தைத் தொலைபேசியில் அழைத்து, வெளியீட்டுக்கு நாமே ஏதாவது செய்தாகவேண்டும் என்றார். லார்ட், ஸ்மித், செரீ மொராகா முதலானோர் கூடித் தொடங்கிய பதிப்பகத்திற்கு 'கிச்சன் டேபிள்' என்று பெயரிட்டனர். வெள்ளையரல்லாத பெண்களே நடத்திய பதிப்பகம் அது. வீட்டில் பெண்கள் உழைப்பதும் ஒருவரோடொருவர் பேசுவதும் அடுக்களை மேசையில்தானே என்பது பெயர்க்காரணம். மொராகாவும் குளோரியா அன்ஸால்டுவாவும் தொகுத்த 'திஸ் பிரிட்ஜ் கால்டு மை பேக்', முதலில் வெளியிட்ட பதிப்பகம் மூடப்பட்டபோது, 1983இல் இங்கேதான் மறுபிறப்பு எடுத்தது.

லார்டுக்கு 1978இலேயே மார்பகப் புற்றுநோய் கண்டிருந்தது. திருத்திய 'நீட்' கவிதையைக் கிச்சன் டேபிள் 1990இல் சிறு பிரசுரமாக வெளியிட்டது. 1992 நவம்பரில் லார்ட் காலமானார். சில ஆண்டுகளில் பதிப்பகமும் ஓய்ந்தது.