கணையம் சொன்ன சாட்சி
அத்தியாயம் 9

நியூயார்க், ராக்ஃபெல்லர் நிறுவனம். ஆல்கஹாலிலிருந்து கண்ணாடிக் கோலில் சுற்றிக்கொண்டு வந்த வெள்ளை நாரோடு சென்ற வாரம் நிறுத்தினோம். உறையில்லாத, தீங்கு செய்யாத நிமோகாக்கஸ் கிருமியை உறை போர்த்திய கொடிய கிருமியாக மாற்றியது அந்த நார். மாறிய கிருமியின் வாரிசுகளும் தலைமுறை தலைமுறையாக உறையோடே பிறந்தன. பரம்பரையையே மாற்றும் அந்தப் பொருள் புரதமா, டி.என்.ஏ.வா?

ஆஸ்வால்ட் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் பிடித்த வழியை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தார்கள். புரதத்தைச் சிதைக்கும் ட்ரிப்சினைச் சேர்த்தார்கள். நாரின் வீரியம் குறையவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிக்கும் அது அசையவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைக்கவல்ல கச்சாச் சாறுகளை, நாயின் குடற்சவ்விலிருந்து எடுத்தது உட்பட, சேர்த்தபோதுதான் வீரியம் அடியோடு போயிற்று. 1944 பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தது.

அதே நிறுவனத்தின் ஆல்ஃபிரட் மிர்ஸ்கி ஏற்கவில்லை. 60 கோடியில் ஒரு பங்காகக் கரைத்தாலும் நார் வேலை செய்ததாக ஏவரி எழுதியிருந்தார். இவ்வளவு வீரியமென்றால், சோதனைக்குத் தப்பிய துளிப் புரதமே அதைச் செய்திருக்கலாமே? ஏவரி பெருமையோடு சொல்லக்கூடிய எண்ணே எதிர்த்தரப்பின் ஆயுதமாகிவிட்டது! மிர்ஸ்கியை வில்லனாக்க எனக்கு மனமில்லை. கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. மேலும், கச்சாச் சாற்றில் என்னென்ன நொதிகள் கலந்திருந்தனவோ!

மெக்கார்ட்டி மாட்டுக் கணையத்தை எடுத்தார். அதிலிருந்து டி.என்.ஏ.வை மட்டும் சிதைக்கும் நொதியைப் படிப்படியாகப் பிரித்தார். டிஎன்ஏஸ் என்று இன்று ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறதே, அதேதான். மெக்னீசியம் இருந்தால் வேலை செய்தது. சிட்ரேட் சேர்த்தால் அடங்கியது. 1946இல் முடிவு வந்தது: மிகச் சொற்ப நொதி போதும், நாரின் வீரியம் அழிந்தது.

சந்தேகம் இப்போது நொதியின் பக்கம் திரும்பியது. புரதத்தைச் சிதைக்கும் கலப்படம் அதில் கொஞ்சமாவது ஒட்டியிருக்காதா? ஒட்டித்தான் இருந்தது. ஏவரிக்கோ எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

பிரின்ஸ்டனில் இருந்த அதே நிறுவனத்தின் கிளையில், ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியான ரிபோநியூக்ளியேஸை 1940இல் படிகமாக்கிக் காட்டிய மோசஸ் குனிட்ஸ், இப்போது டிஎன்ஏஸைக் கையில் எடுத்தார். படிகமானால் கலப்படம் விலகும். விலகிய பிறகும் அந்த நொதி நாரின் வீரியத்தை அழிக்குமா?

(தொடரும்)