கம்பளி ஆராயப் போய்...

கோயம்புத்தூரில் ‘சிட்ரா’ன்னா தெரியாத மில்காரர் கிடையாது. 1956-ல் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி சங்கம். இதே மாதிரி இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் கம்பளித் தொழிலுக்கென்று ஒரு ஆராய்ச்சி சங்கம் இருந்தது. பெப்டைடுகளைப் பிரித்தெடுக்கும் முறையில் பெரிய திருப்பம் அங்கேதான் வந்தது.

காரணம் இதுதான். பஞ்சு செல்லுலோஸ், கம்பளியோ புரதம், அதாவது அமினோ அமிலங்களின் நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலியின் சிறு துண்டுதான் பெப்டைடு. கம்பளியில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆனால் ஒன்றுக்கொன்று அத்தனை ஒற்றுமை, பிரிப்பது பெரும்பாடு. ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிஞ்சும் தண்ணீரையும் குளோரோஃபார்மையும் எதிரெதிராக ஓட்டும் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மார்ட்டினுக்கு ஒரு யோசனை: ரெண்டும் எதுக்கு ஓடணும்? ஒண்ணு நிக்கட்டுமே!

சிலிக்கா ஜெல்லில் தண்ணீரை நிறுத்தி, குளோரோஃபார்மை அதன் வழியே ஓடவிட்டார்கள். தண்ணீரில் அதிகம் கரைவது பின்தங்கும், மற்றது முந்தும். 1941-ல் கட்டுரை வந்தது. மிக நுண்ணிய துகள்களை நிரப்பி, அதிக அழுத்தம் கொடுத்தால் இன்னும் நன்றாகப் பிரியும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். அதுதான் இன்றைய ஹெச்.பி.எல்.சி. கருவியின் அடிப்படை. ஸ்பெக் 1941-ல் ரெடி; கருவி வர 1960-கள் ஆனது. எங்கள் துறையிலும் இப்படி நடப்பதுண்டு.

சிலிக்கா ஜெல் தயாரிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அமையவில்லை. 1944-ல் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் அதை விட்டு வடிதாளுக்கு மாறினார்கள். வடிதாள் செல்லுலோஸ், நம்ம பஞ்சின் அதே சரக்கு. 100 கிலோ உலர்ந்த பஞ்சு காற்றிலிருந்து 8.5 கிலோ ஈரம் இழுக்கும் என்ற கணக்கு மில்காரர்களுக்கு அத்துப்படி. வடிதாளும் அப்படித்தான் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கம்பளியை ஆராயப் போனவர்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது பஞ்சின் குணம்!

ஒரே கரைப்பானில் எல்லாம் பிரியாது. அதனால் தாளில் ஒரு கரைப்பானை ஓடவிட்டு, காயவைத்து, தாளைத் திருப்பி, குறுக்குவாட்டில் வேறொன்றை ஓடவிட்டார்கள். நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினால் ஊதாப் புள்ளிகள் தெரியும். இந்த வழியில் 1947-ல் கிராமிசிடின் எஸ் என்ற ஆன்டிபயாட்டிக் பெப்டைடில் அமினோ அமிலங்கள் வரும் வரிசையையே கண்டுபிடித்தார்கள். 1952-ல் மார்ட்டினுக்கும் சிஞ்சுக்கும் நோபல் பரிசு.

இன்றைக்குப் பெப்டைடு பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் குழாயில் நிற்கும், அமிலம் கலந்த தண்ணீர் ஓடும், அதில் அசிட்டோநைட்ரைலைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுவார்கள். சட்டென்று கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பெப்டைடுகள் ஒட்டிக்கொண்டே வெளியே வரும். மெதுவாகக் கூட்டினால் பிரியும், நேரம் இழுக்கும். சிகரமும் பரந்து தட்டையாகும். எங்கே நிறுத்துவது என்பது பிரிக்கிற கலவையைப் பொறுத்தது.

நம் கடலில் கிடைக்கும் கூம்பு நத்தையின் விஷம் அப்படிப்பட்ட கலவை, பெப்டைடுகள் நிறைந்தது. பலராம், கே.எஸ். கிருஷ்ணன் ஆகியோர் இருந்த குழு, கோனஸ் அமாடிஸ் என்ற நத்தையின் விஷத்திலிருந்து ஒன்றைப் பிரித்து 2003-ல் வெளியிட்டது. நரம்பணுவின் சோடியம் வாயிலைத் தாக்கும் பெப்டைடு. அதன் பெயரிலேயே ஒரு எண் உண்டு: 2766. அது அதன் எடை.